வீட்டுவழிக் கல்வி: குறை சொல்வோருக்கு என்ன பதில் சொல்வது? – கேள்வி பதில்

எட்டு ஆண்டுகள் கணித ஆசிரியையாக இருந்தேன். மூத்தவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவனைத் தனியார் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கினோம். இப்போது அவனுக்கு 17 வயது. பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுத வழி செய்யும் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டான். இளையவளுக்கு 12 வயது. இந்த முடிவுக்காக உறவினரும் அண்டை வீட்டாரும் சொல்லும் குறைகளுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

ஈரோட்டிலிருந்து ஆறு வயதுச் சிறுமியின் தாய்: என் அண்ணன் வழக்கறிஞர். "நீ செய்வது சட்டவிரோதம், உன்மீது வழக்கு வரும்" என்கிறார். அவரிடம் என்ன சொல்வது, அக்கா?

பதில்: முதலில் அவர் சொல்வதில் எந்தப் பகுதி சரி என்று பாருங்கள். 2002 ஆம் ஆண்டின் 86 ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி 6 முதல் 14 வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமை ஆனது. பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் கடமை என்பதும் அப்போதே அரசமைப்பில் சேர்ந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10 ஆவது பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. அதில் உள்ள தண்டனைகளில் ஒன்று, அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவோருக்கானது: 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை.

ஆகவே அண்ணனிடம் "சட்டம் இதை முழுமையாக அனுமதிக்கிறது" என்று சொல்லாதீர்கள், அது உண்மையன்று. "கடமை இருக்கிறது, தண்டனை இல்லை, வீட்டுவழிக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் பிரிவும் இல்லை, இது தெரிந்தேதான் முடிவெடுத்தோம்" என்று சொல்லுங்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டில் ஆசிரியரை அமர்த்திக் கட்டணம் வாங்கி நாள்தோறும் வகுப்பு நடத்தினால், அதை அங்கீகாரமற்ற பள்ளியாகக் கருத இடமுண்டு. அந்த வழிக்குப் போகாதீர்கள். பள்ளியிலிருந்து நிறுத்தும்போது மாற்றுச் சான்றிதழை வாங்காமல் வராதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை என்றைக்கு வேண்டுமானாலும் பள்ளிக்குத் திரும்பக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து ஒரு தந்தை: வீட்டிலேயே இருந்தால் பிள்ளை நாலு பேரோடு பழகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதற்குச் சரியான பதில் என்ன?

பதில்: ஒரு தாளை எடுத்து, கடந்த ஏழு நாள்களில் உங்கள் பிள்ளை உறவினர் அல்லாத யார் யாரோடு கால் மணி நேரமாவது பேசி விளையாடியது என்று பெயர்களை எழுதிப் பாருங்கள். மூன்று பெயர்கூடத் தேறவில்லையென்றால் குறை சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு மறுப்புத் தேடுவதை விட்டுவிட்டுப் பிள்ளைக்குத் துணை தேடுங்கள். என் மகளுக்குச் சிலம்பக் களம், கிளை நூலகம், மாலை ஐந்து மணிக்கு மேல் தெருப் பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். ஆனால் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் இராது. முதல் இரண்டு ஆண்டுகள் அந்த வெறுமையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது என் தவறு.

இன்னொன்று உண்டு. வேறு சாதி, வேறு வருமானம், வேறு மதம் உள்ள வீட்டுப் பிள்ளையோடு ஒரே பலகையில் உட்காரும் வாய்ப்பை, நல்ல பள்ளி எந்த முயற்சியும் இல்லாமலே தருகிறது. வீட்டில் அதை நாமே தேடிப் போய் உண்டாக்க வேண்டும். உங்கள் தாளில் உள்ள பெயர்கள் எல்லாம் உங்களைப் போன்ற வீடுகளிலிருந்தே வந்தவையா என்பதையும் பாருங்கள்.

மதுரையிலிருந்து ஒரு தாய்: விசேஷங்களில் உறவினர்கள் என் மகனை நிறுத்தி வைத்து வாய்ப்பாடு கேட்கிறார்கள். நான் வாயடைத்து நிற்கிறேன்.

பதில்: என் மகனுக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், "பள்ளிக்கூடம் போகாதவனா நீ? பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்" என்றார். அவன் பின்னங்களைக் கூட்டத் தெரிந்தவன். வாய்ப்பாட்டை அடுக்காகச் சொல்லிப் பழகாதவன். பந்தியே அவனைப் பார்த்தது. சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோறு விரல்களில் காய்ந்து ஒட்டும் வரை அவன் இலையிலிருந்து தலை நிமிரவில்லை. நான் அங்கேயே எங்கள் கல்விமுறையைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கம் சொன்னேன். அன்று செய்திருக்கக் கூடாதது அதுதான். "அவன் சாப்பிடட்டும் மாமா, கை கழுவிவிட்டு நாம் இருவரும் பேசலாம்" என்ற ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்திருக்கும்.

பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு இந்த வாதத்தை நடத்தாதீர்கள். நம் பக்கத்துக்குச் சான்றாக அவனை நிறுத்தி ஆங்கிலப் பாட்டுச் சொல்ல வைப்பதும் அதே தவறுதான். தன் பெற்றோர் எடுத்த முடிவு சரி என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது.

சென்னையிலிருந்து ஒரு தாய்: "இவள் எப்படி நீட் எழுதுவாள், அரசு வேலைக்கு எப்படிப் போவாள்" என்று மாமனார் கேட்கிறார்.

பதில்: மாமனாரின் கேள்வி நல்ல கேள்வி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மத்திய அரசின் வாரியம். 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். ஆண்டுக்கு இரு முறை பொதுத்தேர்வு உண்டு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களை மருத்துவப் படிப்பிலிருந்து விலக்கி வைத்த பழைய விதியைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018 இல் நீக்கியது. கதவு மூடியிருக்கிறது என்று சொல்வது தவறு.

ஆனால் இழப்புகளை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். 2020 ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியவை. பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட படிப்புகளுக்கும் அது 2021 இல் விரிந்தது. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு முதல் அங்கே படித்திருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் உள்ள 20 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பெறத் தொடக்க வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால், வீட்டில் எவ்வளவு தமிழில் படித்தாலும் அதற்குச் சான்றிதழ் கிடைக்காது. இவற்றை எல்லாம் சொல்லாமல் "எல்லாக் கதவும் திறந்திருக்கிறது" என்று மேடையில் பேசுபவர்களை நம்பாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒரு தாய்: பிள்ளை கூச்ச சுபாவம் ஆகிவிடும் என்கிறார்களே, அக்கா?

பதில்: திருச்சித் தந்தைக்கு எழுதியதைப் படித்து, அந்தத் தாளை நீங்களும் எழுதிப் பாருங்கள்.

விழுப்புரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்: நான் கேள்வி கேட்கவில்லை, குறையே சொல்கிறேன். 1953 இல் இந்த மாகாணத்தில், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதை எதிர்த்து நின்றோம். 1954 இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. பள்ளி வாசலை மிதிப்பதற்கே போராடிய குடும்பம் என்னுடையது. வீட்டில் உள்ள சாதியும் சடங்குமே பிள்ளைக்கு உலகமாகிவிடாமல் தடுத்தது பள்ளிக்கூடம். நீங்கள் செய்வது அதே குலக்கல்விதான், பெயர்தான் வேறு.

பதில்: அய்யா, வீட்டுவழிக் கல்வியைப் பற்றி நான் கேட்ட குறைகளிலேயே கனமானது இதுதான். ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

அந்தத் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாக அரசே குறைத்தது. அந்தப் பெற்றோரை யாரும் கேட்கவில்லை. நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் முடிவெடுத்தோம். பிறர் பிள்ளையின் பள்ளியை ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. ஆயினும் இரண்டிலுமே பிள்ளையைக் கேட்டு முடிவெடுக்கவில்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆறு வயதில் என் மகனை நான் கேட்கவில்லை.

பள்ளி என்பது பாடம் மட்டுமன்று என்பதிலும் உங்களோடு உடன்படுகிறேன். மதிய உணவாக 1956 இல் தொடங்கி, 1982 இல் விரிந்து, 2022 முதல் காலை உணவாகவும் வளர்ந்த திட்டத்தை நம்பிப் பிள்ளைகள் வரும் ஒரு மாநிலத்தில், "பள்ளியே வேண்டாம்" என்று பொதுவாகப் பேசுவது பெரும் பிழை. ஒருவர் வருமானத்தில் குடும்பம் நடத்தவும், மற்றவர் பகல் முழுதும் பிள்ளையோடு இருக்கவும் முடிந்ததால்தான் எங்களுக்கு இது இயன்றது. இதை எல்லோருக்குமான வழியாக நான் எங்கும் பரிந்துரைத்ததில்லை.

நான் ஏற்காதது ஒன்றே. வீடு என்றாலே சாதியும் சடங்கும்தான் என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: அவர் அரசியல் பேசுகிறார். அவருக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். காந்தியே தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று சொன்னால் போதுமே!

பதில்: அதை மட்டும் சொல்லாதீர்கள். காந்தி தம் மகன்களை வழக்கமான பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பிக்க முயன்றார். போதிய நேரம் ஒதுக்க முடியவில்லை என்பதையும், அது பற்றிப் பிள்ளைகளுக்கு மனக்குறை இருந்தது என்பதையும் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். மூத்த மகன் ஹரிலாலின் மனத்தாங்கல் கடைசி வரை ஆறவில்லை. நமக்கு அது எச்சரிக்கை. தலைமை ஆசிரியர் பேசுவது பிள்ளைகளைப் பற்றி; அவர் தொடர்ந்து பேசட்டும்.

விழுப்புரம் தலைமை ஆசிரியர் மீண்டும்: சரி அம்மா. தனியார் பள்ளி பிடிக்காமல்தானே நிறுத்தினீர்கள்? அடுத்த தெருவில் அரசுப் பள்ளி இருந்திருக்குமே, அங்கே ஏன் சேர்க்கவில்லை?

பதில்: இருந்தது, அய்யா. நடந்தால் ஐந்து நிமிடம். நாங்கள் அதன் வாசலுக்குக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, பள்ளியில் கரும்பலகையில் எழுதிப் போட்ட விடைகளை இரவு ஒன்பது மணி வரை பார்த்து எழுதிக்கொண்டே தூங்கி விழுவதைக் கண்டு தனியார் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். அரசுப் பள்ளி என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. ஆசிரியையாக இருந்தும் எனக்கு வரவில்லை. இதற்கு நியாயம் சொல்ல மாட்டேன்.

பதினொரு வயதில் "நானும் எல்லோரையும் போலப் போகிறேன்" என்று அவன் கேட்டான். அந்த அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4 ஆவது பிரிவு வழி செய்கிறது. அங்கிருந்த தலைமை ஆசிரியர் தேர்வு எதுவும் வைக்காமல் அன்றைக்கே வகுப்பில் உட்கார வைத்தார். ஓராண்டு படித்தான். கணக்கில் முன்னால் இருந்தான். தமிழில் கையெழுத்தும் வேகமும் போதாமல் காலாண்டுத் தேர்வில் பாதித் தாளை எழுதாமல் விட்டான். அந்தக் குறையை வீட்டில் நான் கவனிக்கவே இல்லை. அந்த வகுப்பாசிரியைதான் கண்டுபிடித்துச் சொன்னார். ஆண்டு முடிவில் வீட்டுக்கே திரும்புகிறேன் என்று அவனே முடிவு செய்தான். அவனுடைய நெருங்கிய நண்பர்கள் இருவரும் அந்த ஓராண்டில் கிடைத்தவர்கள். இன்றும் வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறார்கள்.

உங்கள் குறைக்கு என் பதில் இவ்வளவுதான். இனிமேல் தொடங்குபவர்கள் தனியார் பள்ளியை விட்டு நேரே வீட்டுக்கு வராமல், பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லி வருகிறேன்.

ஜெர்மனியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்: இங்கே நாங்கள் ஹோம்ஸ்கூலிங் செய்யலாமா? பள்ளி நிர்வாகம் எதிர்க்கிறது.

பதில்: செய்யாதீர்கள். அங்கே பள்ளிக்குச் செல்வது கட்டாயம். அதை எதிர்த்துச் சென்ற ஒரு குடும்பத்தின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2006 இல் ஏற்கவில்லை. இந்தியாவைப் பற்றி நான் எழுதியவை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அங்குள்ள வழக்கறிஞரைப் பாருங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்: நாலு பேரோடு பழகத் தெரியாதே…

பதில்: இது மூன்றாம் முறை. மேலே இருக்கிறது.

கரூரிலிருந்து ஒரு தாய்: பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுப்பவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பயந்துபோய்ப் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டேன். மறுபடியும் வருவார்களாம்.

பதில்: பயப்படாதீர்கள், பிள்ளையை ஒளிக்கவும் செய்யாதீர்கள். செங்கல் சூளையிலும் கடையிலும் வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை அவர்கள் இப்படி வீடு வீடாகப் போய்த்தான் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கதவையும் அவர்கள் தட்டத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஓர் ஆசிரியை. உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, மகளின் பிறப்புச் சான்றிதழையும், தேதி போட்டு எழுதும் ஐந்து நோட்டுகளையும் எடுத்து வைத்தேன். அவர் சட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நோட்டுகளைப் புரட்டி, "இவளுக்கு யார் ஓவியம் கற்றுத் தருகிறார்கள்?" என்று கேட்டார். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்து "படித்து பார்த்தேன்" என்று அவள் எழுதியிருந்த இடத்தில் ஒரு "ப்" சேர்த்தார். ஜூன் மாதத்தில் சேர்க்க விரும்பினால் நேரே வரலாம் என்று பள்ளியின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்களும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். படிவத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள். மாற்றுச் சான்றிதழைக் கேட்டால் நகலைக் கொடுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.