536-இன் சூரியன்

அன்புள்ள ஐயா,

மனித வரலாற்றிலேயே மிக மோசமான ஆண்டு கி.பி. 536 என்று யூடியூபில் ஒரு காணொளி பார்த்தேன். பதினெட்டு மாதம் உலகமே இருட்டில் கிடந்ததாம், சூரியனே தெரியவில்லையாம். இதில் எவ்வளவு உண்மை? உண்மை என்றால், இவ்வளவு பெரிய விஷயம் நம் பள்ளிப் புத்தகத்தில் ஏன் ஒரு வரிகூட இல்லை?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சூரியன் மங்கியது நிஜம். இருட்டு என்பது காணொளிக்காரர் தூவிய மசாலா.

அந்தக் காலத்தில் வாழ்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் புரோகோப்பியஸ். கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸிடம் வேலை பார்த்தவர். அந்த ஆண்டு முழுக்கச் சூரியன் நிலவைப் போலத்தான் ஒளிவிட்டது, கிரகணம் பிடித்தது மாதிரி இருந்தது என்கிறார். கிரகணத்தன்று முற்றத்தில் நின்றவர்களுக்கு அந்த வெளிச்சம் எப்படி இருக்கும் என்று தெரியும். வெயில் இருக்கும், உறைக்காது. பதினெட்டு மாதக் கணக்கு, 12ஆம் நூற்றாண்டில் சிரியாவின் மைக்கேல் தொகுத்த வரலாற்றில் வருகிறது. அவர்கூட நாளுக்கு நாலு மணி நேரம் மங்கலான வெளிச்சம் இருந்ததாகத்தான் சொல்கிறார்.

காரணம் எரிமலை. வட அரைக்கோளத்தில் எங்கோ வெடித்து, அதன் கந்தகம் வானில் படலமாகப் பரவியிருக்கிறது. 540இல் இன்னொரு பெரிய வெடிப்பு. 541இல் எகிப்தின் பெலூசியத்தில் கொள்ளைநோய் தொடங்கி, அடுத்த ஆண்டு பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்து சேர்ந்தது. இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் மெக்கார்மிக் என்ற ஹார்வர்ட் வரலாற்றாசிரியர் 2018இல் 536ஐப் பற்றி அப்படிப் பேசினார். மிக மோசமான காலங்களில் ஒன்றின் தொடக்கம், ஒருவேளை மிக மோசமான ஆண்டே அதுதானோ என்பதுபோல. காணொளிக்காரர்கள் அந்த ‘ஒருவேளை’யைக் கழற்றிவிட்டார்கள்.

பள்ளிப் புத்தகத்தில் ஏன் இல்லை என்றால், ஆய்வாளர்களே பழைய குறிப்புகளையும் எரிமலையையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தது 1980களில்தான். எரிமலைக் கந்தகம் பதிந்து கிடக்கும் பனிக்கட்டிப் படிவுகளின் ஆண்டுக் கணக்கைத் திருத்தி, 536, 540 என்று உறுதியாகச் சொன்னது 2015இல். பாடநூல்களுக்கு வந்து சேர இன்னும் நாளாகும்.

எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். சூரியனுக்குப் புரோகோப்பியஸ் ஒதுக்கியது சில வரிகள்தான். அதற்கு முன்னும் பின்னும் பக்கம் பக்கமாகப் போர். அந்த ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் படைவீரர்கள் கலகம் செய்தபோது, அவரே கப்பலேறி சிசிலிக்குத் தப்பியவர். தலை தப்பினால் போதும் என்று ஓடுகிறவர் அண்ணாந்து பார்த்ததே பெரிது.

அதே ஆண்டு பெலிசாரியஸ், கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவர் ஆண்டுவந்த இத்தாலிக்குள் புகுந்து நேப்பிள்ஸை முற்றுகையிட்டார். நாட்கள் போயும் மதில் அசையவில்லை. ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாயை அவர் ஏற்கெனவே உடைத்திருந்தார். இன்றைய துருக்கியில் இருந்த இசாரியாவைச் சேர்ந்த அவர் படைவீரன் ஒருவனுக்கு, இதை எப்படித்தான் கட்டினார்கள் பார்ப்போமே என்று ஆசை. உள்ளே இறங்கி நடந்தான். ஓரிடத்தில் பாறையைக் குடைந்த துளை. தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. கோடரி போட்டால் சத்தம் கேட்கும் என்று கூர்மையான இரும்பால் சுரண்டிச் சுரண்டியே அதை அகலமாக்கினார்கள். ஒரு ராத்திரி சுமார் நானூறு பேர் அதற்குள் நுழைந்தார்கள். ஊருக்குள் கால்வாயின் கூரை திறந்த இடத்தில் ஒரு பாழடைந்த வீடு. அதில் ஓர் ஏழைப் பெண், தனியாள். கால்வாய்க்கு மேலே ஓர் ஆலிவ் மரம். முதலில் ஏறியவன், வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று அவளை மிரட்டிவிட்டு, மரத்தில் வாரைக் கட்டித் தொங்கவிட்டான். மற்றவர்கள் அதைப் பிடித்து ஏறினார்கள். அப்புறம் நடந்தது படுகொலை. கோயில்களுக்குள் அடைக்கலம் புகுந்தவர்களையும் விடவில்லை. டிசம்பர் 9 அன்று கோத்துகள் ரோமின் ஒரு வாசல் வழியாக வெளியேற, பெலிசாரியஸின் படை இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்தது.

நேப்பிள்ஸ்காரர்களிடம் அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டிருந்தால் சூரியனையா சொல்லியிருப்பார்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வானத்தைப் பார்த்து உண்மையிலேயே கவலைப்பட்டவர் ஓர் அதிகாரி. கசியோடோரஸ், கோத்து அரசின் கீழ் இத்தாலி நிர்வாகத்தைப் பார்த்தவர். தன் உதவியாளர் அம்புரோசியஸுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. சூரியன் நீலம் பாரித்துத் தெரிகிறது, நண்பகலில் நம் நிழல் தரையில் விழவில்லை, மாரியில் புயல் இல்லை, வசந்தத்தில் இதம் இல்லை, கோடையில் சூடு இல்லை என்று அடுக்குகிறார். திராட்சை புளிக்கிறது. ஏன் இப்படி என்று நீளமாக விளக்கம் வேறு தருகிறார். மனிதருக்குச் சொல்லலங்காரத்தில் கொஞ்சம் மோகம் அதிகம். கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறார்: போன வருஷம் நல்ல விளைச்சல், அந்தத் தானியத்தைப் பத்திரப்படுத்து, வரும் பஞ்சத்துக்கு அதுதான்.

அவருடைய கடிதத் தொகுப்பில் மிலானின் ஆயர் (பிஷப்) தாத்தியுஸுக்கும் ஒரு கடிதம் உண்டு. வட இத்தாலியின் பாவியா, டோர்டோனா ஊர்களின் கிடங்குகளில் உள்ள தினையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, ஒரு பொற்காசுக்கு 25 மோடியஸ் வீதம் விற்கச் சொல்கிறார். ஒரு மோடியஸ் ஏறக்குறைய எட்டே முக்கால் லிட்டர். கூடவே ஓர் எச்சரிக்கை: விநியோகிப்பவர்களைக் காசால் சரிக்கட்டி, சொந்தமாகச் சாப்பாட்டுக்கு வழி உள்ளவர்கள் இதை வாங்கிப் போய்விடக் கூடாது, இல்லாதவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும், நீங்கள் நேரில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயரைக் கூப்பிட்டுத்தான் இதைச் சொல்கிறார், தன் ஆட்களிடம் அல்ல. தன் அலுவலகத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது.