இரட்டைக் கார்பரேட்டர் வாங்குமுன் ஒரு துளி எண்ணெய்

கேள்வி: பெரியப்பா விட்டுச்சென்ற 1974ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கொம்பி வான் என்னிடம் இருக்கிறது. உள்ளே படுக்கையும் சிறு சமையல் மேசையும் அமைத்து, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை மடுவுக்கும் முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் கூட்டிச்செல்கிறேன். காற்றால் குளிரும் 1600 சிசி எஞ்சின், ஒற்றைக் கார்பரேட்டர். மிதித்தவுடன் ஒரு கணம் மூச்சடைத்து, பிறகுதான் இழுக்கிறது. நிறுத்தி வைத்தால் ஓட்டம் ஏறி இறங்குகிறது. இரட்டை வெபர் கார்பரேட்டர் பூட்டினால் எல்லாம் தீரும் என்கிறார் கராஜ்காரர். வாங்கலாமா?
– வாசகர், பரந்தன்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் கார்பரேட்டர் சிறியது என்பதால் வருபவை அல்ல. பெரும்பாலும் எங்கோ காற்றுக் கசிகிறது.

பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுவதுதான் கார்பரேட்டர். உங்கள் வானில் இருப்பது பெரும்பாலும் சொலெக்ஸ் 34 பிக்ட்-3 வகை. அதன் அடியில் காற்றை விடுகிற தகட்டைத் தாங்கும் ஒரு தண்டு உண்டு. ஐம்பது ஆண்டு திரும்பித் திரும்பி அந்தத் தண்டு இருக்கும் துளை தேய்ந்துவிடும். எஞ்சினை நிறுத்தி, தண்டின் முனையை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, இரு முனைகளிலும் ஒவ்வொரு துளி எஞ்சின் எண்ணெய் வையுங்கள். ஓட்டம் சற்றுநேரம் சீரானால் கள்ளன் அங்கேதான் இருக்கிறான். எண்ணெய் உள்ளே இழுபட்டு முடிந்ததும் பழைய தள்ளாட்டம் திரும்பும். நல்ல கடைசல் பட்டறையில் துளையைப் பெருப்பித்து வெண்கலப் புஷ் (உள்வளையம்) போட்டுத் தருவார்கள். புதிய கார்பரேட்டரோடு ஒப்பிட்டால் அது சிறு செலவு.

தண்டு இறுக்கமாக இருந்தால், கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் இன்டேக் குழாயை இருபுறமும் இணைக்கும் ரப்பர்களைப் பாருங்கள். நம் வெயிலில் அவை வெடித்துவிடும். இந்தக் கசிவை அலட்சியப்படுத்தக்கூடாது. காற்று கூடினால் கலவை மெலியும், மெலிந்த கலவை சூடாக எரியும். ரேடியேட்டர் இல்லாத எஞ்சினில் அந்தச் சூடு நேரே சிலிண்டர் தலையில் ஏறும். வைகாசி வெயிலில் ஏ9 வீதியில் முழு ஆட்களோடு ஓடும்போது எக்ஸோஸ்ட் வால்வு உடைந்தால், எஞ்சினையே இறக்கவேண்டி வரும்.

இன்னொன்று. இந்தக் கார்பரேட்டரின் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றுமாக இரண்டு திருகுகள் உண்டு. நின்ற ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கப் பெரிய திருகு, கலவைக்குச் சிறியது. பல கராஜ்களில் இரண்டையும் விட்டுவிட்டு ஆக்சிலரேட்டர் தகட்டின் திருகை முறுக்குகிறார்கள். அங்கே கைவைத்தால் மிதித்தவுடன் வரும் மூச்சடைப்பு தீரவே தீராது. தீப்பொறியை சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பாருங்கள். வெற்றிடக் குழாய் இல்லாத 009 வகையை யாராவது மாற்றிப் பூட்டியிருந்தால் அதே மூச்சடைப்பு அதனாலும் வரும். கார்பரேட்டரைத் தொடுமுன் வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் இடைவெளியை 0.4 மி.மீ. என வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோலை அளந்து விடும் சிறு துளையான ஜெற் அடைத்திருந்தால் காற்றால் ஊதுங்கள், கம்பியால் குத்தாதீர்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சிறு போத்தல் பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். கம்பி குத்துவது அன்று வேறு வழியில்லாமல் பழகிய கை. குத்தினால் துளை பெருத்துவிடும், ஜெற்றில் பொறித்த எண்ணுக்குப் பிறகு பொருளே இல்லை.

இத்தனையும் செய்த பிறகும் இரட்டைதான் வேண்டுமென்றால், 1600க்கு அளவானது இரட்டை வெபர் 34 ஐசிடி. நடுவில் பூட்டும் ஒற்றை வெபர் 32/36ஐ நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நீண்ட குழாயில் பெற்றோல் சரியாக ஆவியாகிச் சேராமல் அதுவும் தடுமாறும். இரட்டை பூட்டினால் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி அளந்து சமன்செய்ய வேண்டும், அவ்வப்போது திரும்பவும் செய்ய வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கை அருகில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெற்றிடக் குழாய் பூட்டும் முனை அதில் உண்டா என்றும் பாருங்கள்.

எனக்குப் பெரிய கவலை தூசி. உங்கள் வானின் பழைய எண்ணெய்த்தொட்டிக் காற்று வடிகட்டியைக் கழற்றினால் அடியில் செம்மண் சேறாகப் படிந்திருக்கும். அவ்வளவும் எஞ்சினுக்குள் போகாமல் நின்ற மண். இரட்டையோடு வரும் சிறிய வடிகட்டிகள் கிரவல் வீதிக்குப் போதாது. வன்னியில் ஏற மலையும் இல்லை. உங்கள் எஞ்சினின் ஏறத்தாழ 50 குதிரைவலு சமதரைக்குக் காணும்.

எதை வைத்திருந்தாலும் இன்றே ஒன்று செய்யுங்கள். துணி சுற்றிய பழைய பெற்றோல் குழாய்களை மாற்றுங்கள். கார்பரேட்டரில் குழாய் பூட்டும் பித்தளை முனையை இழுத்துப் பாருங்கள், அது கழன்று வந்து தீப்பிடித்த கொம்பிகள் உண்டு. பெற்றோல் தாங்கி எஞ்சின் அறைக்கு அடுத்தே இருக்கிறது, எஞ்சின் உடலோ மக்னீசியக் கலவை. பிடித்தால் அணைப்பது கடினம். பின்னால் பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

கேள்வி: இதே எஞ்சினுக்கு 95 பெற்றோல் அடிப்பது நல்லதா?
– வாசகர், வவுனியா

பதில்: தேவையில்லை. அமுக்க விகிதம் 7.5 அளவுதான், 92 போதும். மிச்சக் காசுக்கு எண்ணெய் மாற்றுங்கள்.

கேள்வி: கொழும்பில் ‘அசல் ஜேர்மன்’ என்று வாங்கிய கார்பரேட்டர், பெட்டியைத் திறந்தால் போலி. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், மன்னார்

பதில்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி அதைத் தரவே வேண்டும். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். மாவட்டச் செயலகத்திலேயே அதிகார சபையின் அலுவலர்கள் இருக்கிறார்கள், 1977 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெட்டி, கார்பரேட்டர் உடலில் உள்ள எழுத்துகள், ஜெற் எண்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து இணையுங்கள். விளம்பரத்தில் ‘அசல்’ என்று எழுதியிருந்தால், அவர் அதை அழிக்குமுன் அதையும் எடுத்துவிடுங்கள். வண்டியில் மட்டும் பூட்டிவிடாதீர்கள். பூட்டிய சாமானுக்கு ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்று சொல்ல அவருக்கு இடம் கிடைத்துவிடும்.