ஆட்டிசம் உள்ள மகனைத் தனியார் பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். வேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சேர்க்க மாட்டேன் என்று சொல்ல எந்த அரசுப் பள்ளிக்கும் உரிமை கிடையாது. பதிலை இதோடு முடித்திருப்பேன். அந்த 'டி.சி. வாங்கிக்கோங்க' என்ற வார்த்தையைப் படித்த பிறகு முடியவில்லை.

நான் அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. முப்பது சொச்சம் பிள்ளைகள்; தலைமையாசிரியரும் நானும்தான். நீங்கள் கேள்வியில் எழுதாமல் விட்டதும் ஓரளவு தெரியும். யூ.கே.ஜி. வரை ஃபீஸை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒன்றாம் வகுப்பு வந்ததும் 'உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் செட் ஆகாது' என்றிருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள், செல்போனைக் கொடுத்து நீதான் கெடுத்தாய் என்று உங்களையே சொல்லியிருப்பார்கள். (செல்போனால் ஆட்டிசம் வராது. அது மூளை வளர்ச்சியோடு வருவது, பிறப்பிலிருந்தே இருப்பது.) என் ஊகம் தப்பென்றால் மன்னியுங்கள். பெரும்பாலும் தப்பாக இருக்காது.

எங்களிடம் ஒரு பையன் இரண்டாம் வகுப்புக்கு அப்படித்தான் வந்தான். அப்பா அம்மா காட்பாடியில் வேலை; இவன் ஊரில் பாட்டி வீட்டில். சேர்க்க வந்த பாட்டி, "பேச்சுதான் கொஞ்சம் லேட்டு டீச்சர். இவங்க தாத்தாவும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வாரமே பிள்ளைகள் புகாரோடு வந்தார்கள். "மிஸ், இவன் பழிப்புக் காட்றான் மிஸ்." சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டியா என்பான். உன் பேர் என்ன என்றால் உன் பேர் என்ன. கேட்டதையே திருப்பிச் சொல்வது இந்தப் பிள்ளைகளிடம் நிறைய உண்டு, அது கிண்டல் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அதை எப்படிப் புரிய வைப்பது? 'அவன் பதிலைத் தேடிக்கிட்டு இருக்கான், தேடற வரைக்கும் நம்ம கேள்வியைக் கையில வெச்சுக்கறான்' என்றேன். ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைகள் சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள், பெரியவர்கள்தான் பாடு.

மணி இன்னொரு தொல்லை. எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அடித்தால் ஏரிக்கரை வரை கேட்கும். இவன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான், அரை மணி நேரம் வெளியே வர மாட்டான். ரெண்டே வகுப்பறை, எதுக்கு சார் மணி என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "மணி அடிக்காத பள்ளிக்கூடமாம்மா?" என்றார். ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்போம் என்று சம்மதிக்க வைத்தேன். எதிர்ப்பு வேறு பக்கமிருந்து வந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், மதியச் சாப்பாட்டு நேரம் தெரியவில்லை என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஊருக்கே கடிகாரம் எங்கள் தண்டவாளம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில், மதிய மணிக்கு முன்னால் அவனைப் பின்பக்கம் கைகழுவும் இடத்துக்கு அழைத்துப் போய்விடுவது என்று ஆனது. மற்ற மணிகள் ரத்து.

நடுவில் ஒரு நாள் பக்கத்துப் பெண்பிள்ளையின் கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்துவிட்டது. மறுநாள் அந்தம்மா வாசலில் நின்று, "இன்னா டீச்சர், லூசுப் பையனைக் கொண்டாந்து வெச்சுகினு எங்க புள்ளைங்களைக் கடிக்க வுடறீங்களா" என்று தெருவே கேட்கக் கத்தினார். நியாயமான கோபம்தான். என் பெண்ணைக் கடித்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். உள்ளே உட்கார வைத்தேன். அம்மா பேசப் பேச அந்தப் பெண்ணே, "நான்தாம்மா அவன் காதுல போய்க் கத்தினேன்" என்றது. அம்மாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. 'அப்படீன்னா கடிக்கலாமா' என்றார். கடிக்கக்கூடாது என்றேன். இருவரையும் தள்ளி உட்கார வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது. அந்தம்மா இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை அலுவலகமான வட்டார வள மையத்திலிருந்து, இத்தகைய பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்த்துவிட்டுப் பெற்றோரை வரச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவன் அம்மா பாலிதீன் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். ஆட்டிசம் என்று எப்போதோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னால் சேர்க்க மாட்டீர்கள் என்று மறைத்தாராம். அவர் மேல் கோபம் வரவில்லை, போன பள்ளி கொடுத்த பாடம் அது. ஆனால் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாளே ஃபைலோடு போங்கள். சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது, இதைத் தொட்டால் அழுவான், இது இருந்தால் அடங்குவான் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முன்னாடியே தெரிந்திருந்தால் அந்தப் பையன் அத்தனை நாள் பெஞ்சுக்கு அடியில் கிடந்திருக்க மாட்டான்.

பயிற்றுநர் சொல்லித்தான் அன்றன்றைக்கு நடக்கப்போவதைப் படங்களாக வரைந்து வரிசையாக ஒட்டினோம்: பிரார்த்தனை, சிற்றுண்டி, கணக்கு, விளையாட்டு, வீடு. அடுத்து என்ன என்று தெரிந்தால் இந்தப் பிள்ளைகளின் பதற்றம் பாதி குறைகிறது. காலை உணவில் உப்புமா, கிச்சடி எதையும் தொட மாட்டான், வெள்ளையாக இருந்தால்தான் வாயில் வைப்பான். பாட்டி இட்லி கொடுத்தனுப்பினார். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைப்பது இவனுக்குத் தோதாக இருந்தது, வயதைப் பார்த்து யாரும் மட்டம் தட்டவில்லை. அதிலேயே வரும் பாட்டும் ஆட்டமும் கைதட்டலும்தான் ஆகவில்லை. அந்த நேரம் தாழ்வாரத்தில் உட்காருவான். பார்வைக்கு வந்த ஒருவர், ஏன் ஒரு பிள்ளை வெளியே என்று என்னைக் கேட்டாரே தவிர, அவன் ஏன் அங்கே நிம்மதியாக இருக்கிறான் என்று பார்க்கவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளைச் சொல்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். சான்றுக்கான மதிப்பீட்டில் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலின்படி 40 விஷயங்களைப் பார்ப்பார்கள். வள மையம் நடத்தும் மருத்துவ முகாமிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ விசாரியுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் பெற்றோருக்கும் சேர்த்துப் பயிற்சி தருகிறார்கள். பள்ளியில் ஏதாவது முரண்டு பிடித்தால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள்.

டி.சி. இல்லாவிட்டாலும் சேர்க்கலாம். டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. டி.சி.யைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. ஃபீஸ் பாக்கி என்று பிடித்து வைத்தால் பயப்படாதீர்கள். சட்டம் இப்படி, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) வேறு மாதிரி. பழைய பள்ளி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் நாங்கள் எடுக்க முடியும். பையன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான், திரையில் மட்டும் காட்பாடியில் படித்துக்கொண்டிருக்கிறான்! அதைச் சரிசெய்ய நான் போட்ட போன்களுக்குக் கணக்கே இல்லை. எமிஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். வருகைப் பதிவு, உடல்நலப் பதிவு, நோட்டுப் புத்தகம் கொடுத்ததற்கு ஒரு பதிவு, காலணிக்கு ஒரு பதிவு. எங்கள் மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்க வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். கிராமத்தில் டீச்சர் எப்போதும் போன் நோண்டுகிறார் என்று பேச்சு. போகட்டும்.

ஆசிரிய நண்பர்கள் கோபிக்க வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் இது முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கும் இடத்தில் என்ன செய்ய முடியும்? சிறப்புப் பயிற்றுநர் எங்களிடம் வருவதும் அபூர்வம். அவருக்கு எத்தனையோ பள்ளிகள், தொகுப்பூதியம், அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்ற கவலை. இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று தொடக்க நிலைக்கு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே சொல்லியாயிற்று. 'உன் பிள்ளை எங்கே படிக்குது' என்றும் ஒருவர் வருவார். என் மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு.

அந்தப் பையன் இப்போது நாலாம் வகுப்பு. இன்னும் எழுத வராது, எழுத்தட்டையை அடுக்கி வார்த்தை சேர்ப்பான். தண்ணீர் வேண்டும் என்றால் வேண்டும் என்கிறான். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் பாட்டிக்கும் கவலைதான்.

உங்களுக்கு நான் சொல்வது: பெரிய பெயர் உள்ள பள்ளியைத் தேடாதீர்கள். பிள்ளைகள் குறைவாக, ஆசிரியர் ரெண்டு பேராவது உள்ள பள்ளியாகப் பாருங்கள். ஜூன் திறப்புக் கூட்டத்தில் போகாமல் ஏப்ரலிலேயே ஒரு நாள் பையனைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வையுங்கள். அன்றைக்கு டீச்சர் உங்களிடம் பேசுகிறாரா, பையனிடமும் பேசுகிறாரா என்று கவனியுங்கள். உங்கள் வீடு எந்த ஒன்றியம் என்று கமெண்டில் போட்டால் எந்த வள மையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கிறேன். எங்கள் பள்ளி பெயரை மட்டும் கேட்காதீர்கள்.