ஊசிப் பெட்டியைத் திறந்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள்

கேள்வி: எங்கள் மகளுக்கு வயது ஆறு. டைப் 1 சர்க்கரை நோய் என்று போன மார்கழியில் தெரிந்தது. தினம் நான்கு வேளை இன்சுலின். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். அப்பா கையைப் பிடிக்க, பாட்டி காலைப் பிடிக்க, நான் போடுகிறேன். முடிந்ததும் நானும் அழுகிறேன். மாத்திரைக்கு மாற முடியுமா? வலியாவது குறையுமா? (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: மாத்திரைக்கு மாற முடியாது. இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியே கொடுத்தால் சாப்பாட்டோடு அதுவும் செரித்துவிடும். டைப் 1 என்றால் உடம்பில் இன்சுலின் சுரப்பதே அநேகமாக நின்றுபோவது. பெரியவர்கள் சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரைகளும் அதில் இன்சுலினுக்கு ஈடாகாது. கஷாயம், நாட்டு மருந்து என்று யார் சொன்னாலும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் வலியை நிறையவே குறைக்கலாம். முதலில் ஊசியின் நீளத்தைப் பாருங்கள். சிரிஞ்சில் வருவது பெரும்பாலும் 6 அல்லது 8 மி.மீ. இன்சுலின் பேனாவுக்கு (பேனா வடிவில் இருக்கும் ஊசிக் கருவி) 4 மி.மீ. ஊசி கிடைக்கிறது, குழந்தைக்கு அது போதும். அதிலும் ஒல்லியான பிள்ளை என்றால் தோலை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துப் போடுங்கள். தசைக்குள் இறங்கினால் வலிக்கும். மருந்து வேகமாக ஏறிச் சர்க்கரையும் சட்டென்று தாழ்ந்துவிடும். பேனாவுக்கு மாறுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பேனா மருந்து பெரும்பாலும் 100 யூனிட் வகை, அதாவது ஒரு மி.லி.யில் 100 யூனிட். அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போடவே கூடாது. அந்த சிரிஞ்ச் 40 யூனிட் பாட்டிலுக்கு மட்டும்தான்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் சுரீர் என்று இருக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும். ஒரே ஊசியை நாள்கணக்கில் வைத்துக்கொள்வது நம் வீடுகளில் சகஜம், செலவு அப்படி. ஆனால் முனை மழுங்கிவிடும், மேல் பூச்சின் வழுவழுப்பும் போய்விடும். மிச்சம் பிடிப்பதை வேறு எதிலாவது பிடியுங்கள். ராத்திரி போடுவது கிளார்ஜின் (நெடுநேரம் வேலை செய்யும் இன்சுலின்) என்றால், அது அமிலத்தன்மை உள்ள மருந்து. "அந்த ஊசி மட்டும் எரியுதும்மா" என்று அவள் சொன்னால் நம்புங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து, "இங்கயே போடு" என்று ஒரே இடத்தைக் காட்டுவாள். அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மெத்தென்று கட்டிபோல் தட்டுப்பட்டால், திரும்பத் திரும்பக் குத்தி அங்கே கொழுப்பு திரண்டிருக்கிறது. அங்கே உணர்ச்சி குறைவு, அதனால்தான் அவளுக்கு அந்த இடம் பிடிக்கிறது. ஆனால் மருந்து ஒழுங்காக ஏறாது. சர்க்கரை காரணமே இல்லாமல் ஏறி இறங்கும். வயிறு, இரண்டு தொடை, பிட்டம் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். முந்தைய இடத்திலிருந்து ஒரு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள்.

சரி, பயத்துக்கு வருவோம். குத்துவது ஒரு நொடிதான். அதற்கு முந்தைய கால் மணி நேரக் கெஞ்சலும் துரத்தலும் இரண்டு பேர் அழுத்திப் பிடிப்பதும்தான் அவளை இவ்வளவு மிரட்டுகின்றன. மருந்தை அடுப்படியிலேயே சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு அப்புறம் கூப்பிடுங்கள். கூப்பிட்டதிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். அப்பா அவளை மடியில் உட்கார வைத்து, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளட்டும். பாட்டிக்கு வேலை இல்லை. குத்தும்போது அவள் சோப்புக் குமிழி ஊதட்டும். மூச்சை வெளியே விடும்போது உடம்பு தளரும்.

"போடலாமா?" என்று கேட்காதீர்கள், அதற்கு "வேணாம்" என்றுதான் பதில் வரும். "வலது காலா, இடது காலா?" என்று கேளுங்கள். "வலிக்காது" என்றும் சொல்ல வேண்டாம். "சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். தூங்கும்போது சொல்லாமல் போடுவதும் வேண்டாம், தூங்கவே பயப்படுவாள். "சாப்பிடலைன்னா ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களைத் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

ஊசி இல்லாத சிரிஞ்சைக் கொடுத்து, பொம்மைக்குப் போடச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் தன் கரடி பொம்மையை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, "அசைஞ்சே, ரெண்டு தடவை போடுவேன்" என்றான். வீட்டில் நடப்பதை அம்மா சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மரத்துப்போக வைக்கும் கிரீம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும் என்பதால் தினம் நான்கு வேளைக்குச் சரிப்படாது. ரத்தம் எடுக்கப் போகும் நாளில் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

அழுகிறாளே என்று ஒரு வேளையை விட்டுவிட மட்டும் கூடாது. காய்ச்சல், வாந்தி என்று சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். வயிற்று வலி, வாந்தி, வேகமாக மூச்சு வாங்குதல், அசதியாகத் துவண்டு கிடத்தல் இவற்றில் எது தெரிந்தாலும் சர்க்கரையைப் பார்த்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நீங்கள் அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். தினம் நான்கு வேளையும் நீங்களே போட்டால் வேறு எப்படி இருக்கும்? அடுத்த முறை கிளினிக் போகும்போது அவள் அப்பாவையும் அழைத்துப் போங்கள். நர்ஸ் முன்னால் அவர் ஒரு முறை போட்டுப் பழகட்டும். அப்புறம் ராத்திரி ஊசி அவர் பொறுப்பு.