பச்சை மூடிப் பாலும் பெட்டிச் சீரியலும்

தண்டையார்பேட்டையிலிருந்து லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கு வந்து ரெண்டு மாசம் ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. பையனுக்கு 5 வயசு, பொண்ணுக்கு 8. காலையில பெட்டிச் சீரியல் (கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி பால்ல போட்டுச் சாப்பிடுறது) தவிர ரெண்டும் எதையும் தொடுறதில்ல. இட்லி மாவு குளிர்ல பொங்குறதில்ல. சீரியலை அடியோட நிறுத்தணுமா, இல்ல ஒரு அளவு வரைக்கும் விடலாமா?

நிறுத்த வேணாம் தங்கச்சி. புது ஊர், புது ஸ்கூல், புது பாஷை. இதுல சாப்பாட்டுச் சண்டையும் சேர்ந்தா புள்ளைங்க வெறும் வயித்தோட கிளம்பிடும். இனிப்புச் சீரியலோட சாதா சீரியலைக் கலந்து கலந்து குறைங்க. அதுக்கு முதல்ல சக்கரைக் கணக்கு தெரியணும்.

இங்க என்.எச்.எஸ்., அதாவது அரசு மருத்துவச் சேவை, சக்கரைக்குச் சொல்ற உச்சவரம்பு, 4லிருந்து 6 வயசுக்கு நாளைக்கு 19 கிராம், 7லிருந்து 10க்கு 24 கிராம். சேர்த்த சக்கரை, தேன், சிரப், பழஜூஸ் எல்லாம் இந்தக் கணக்குல வரும். வெறும் பால்ல இருக்கிற இனிப்பும், கடிச்சுச் சாப்பிடுற பழமும் வராது. ஒரு டீஸ்பூன் சக்கரை சுமார் 4 கிராம். அப்போ பையனுக்கு நாள் முழுக்க அஞ்சு டீஸ்பூன்கூட இல்ல. நாட்டுச் சக்கரை, பனங்கற்கண்டு போட்டா தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க, அதுவும் சக்கரைதான்.

பெட்டியைத் திருப்பி, கார்போஹைட்ரேட் வரிக்குக் கீழ 'ஆஃப் விச் சுகர்ஸ்'னு இருக்கிற வரியைப் பாருங்க. 100 கிராமுக்கு 22.5 கிராமுக்கு மேல போனா அதிகம், 5 கிராமோ அதுக்குக் கீழயோ இருந்தா கம்மி. முன்பக்கம் போட்டிருக்கிற சின்ன நம்பர் பெரும்பாலும் 30 கிராம் கணக்கு. ஏமாறுறது அங்கதான். தராசுல 30 கிராம் நிறுத்துப் பாருங்க, கிண்ணத்தோட அடியிலதான் கிடக்கும். புள்ளைங்க கையால கொட்டினா 50 கிராம் சாதாரணமா விழும். சக்கரை பூசின கார்ன்ஃப்ளேக்ஸான ஃப்ராஸ்டீஸ்ல 100 கிராமுக்கு 37 கிராம் சக்கரை. 50 கிராம் கொட்டினா 18.5. பையனோட அன்னைய கோட்டா எட்டரை மணிக்கே காலி. கோதுமை பிஸ்கட் மாதிரி இருக்கிற வீட்டாபிக்ஸ்ல 4 சொச்சம், கோதுமை இழையா இருக்கிற ஷ்ரெட்டட் வீட்ல 1 கிராம்கூட இல்ல. 'முழு தானியம்', 'வைட்டமின் சேர்த்தது'ன்னு முன்னாடி பெருசா எழுதியிருக்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. தேன் போட்டு வறுத்த ஓட்ஸ், அதாவது கிரனோலா, பார்க்க ஆரோக்கியமா இருக்கும், பின்பக்கம் பார்த்தா திக்குனு இருக்கும். திராட்சை போட்ட மியூஸ்லிக்கு (வறுக்காத ஓட்ஸ் கலவை) மட்டும் நம்பரோட பொருள் பட்டியலையும் பாருங்க, திராட்சையோட சொந்த இனிப்பும் அந்த நம்பர்ல சேர்ந்திருக்கும். எடை அதிகமானதுதான் அதுல முதல்ல வரும். சக்கரை, குளுக்கோஸ் சிரப், தேன் எதுவாவது முதல் மூணுல இருந்தா வாங்காம கடையிலயே திரும்ப வச்சிடுங்க.

கலக்கிறதுக்கு ஒரே உருவம் வேணும். சக்கரை பூசின செதிலோட சாதா கார்ன்ஃப்ளேக்ஸைத்தான் கலக்கணும். வீட்டாபிக்ஸை உடைச்சுப் போட்டா அது பால்ல முதல்ல கூழாகி, புள்ளை உடனே கண்டுபிடிச்சிடும். முதல் வாரம் 20 கிராம் இனிப்பு, 10 கிராம் சாதா. அடுத்த வாரம் சரிபாதி. மூணாவது வாரம் 10க்கு 20. அதோட நில்லுங்க. இப்ப ரெண்டுலயும் சேர்த்து 5 கிராம் சொச்சம்தான் வரும், ருசியும் செத்துப்போகாது. மேல அரை வாழைப்பழம் நறுக்கிப் போட்டா பத்தும். ராத்திரியே கலந்து காத்துப் புகாத டப்பாவுல வச்சிடுங்க. எதிர்ல நிறுத்துக் கொடுத்தா தினமும் பஞ்சாயத்துதான். ஒரே வாரத்துல பாதியைக் குறைக்கிறவங்கதான் பெரும்பாலும் தோத்துப்போறாங்க.

பால்ல ஒரு குழப்பம் இருக்கு. நம்ம ஊர்ல ஆவின் பச்சைப் பாக்கெட்னா 4.5 சதவீதம் கொழுப்பு, நீலம் 3 சதவீதம். இங்க தலைகீழ்: நீல மூடிதான் முழுப்பால், பச்சை மூடி பாதி கொழுப்பு எடுத்தது, சிவப்பு மூடியில கொழுப்பே இல்லாத மாதிரி. ஊர்ப் பழக்கத்துல பச்சையை எடுத்துட்டு, பால் தண்ணியா இருக்கேன்னு ரெண்டு ஸ்பூன் ஹார்லிக்ஸைக் கூடப் போடுறதுதான் நடக்குது. அந்தப் பொடியிலயே சக்கரை இருக்கு. நல்லா சாப்பிடுற புள்ளைக்கு ரெண்டு வயசுக்கு மேல பச்சை மூடி போதும், சிவப்பு மூடி 5 வயசுக்கு முன்னாடி வேணாம். மெலிஞ்ச புள்ளைன்னா நீலமே வாங்குங்க. ஜூஸ் நாளைக்கு 150 மில்லிக்கு மேல வேணாம். அதுலயே 12 கிராம் சக்கரை இருக்கும், சீரியல் சாப்பிடுற அன்னிக்கு ஜூஸைத் தொடாதீங்க. டீயும் காலைச் சாப்பாட்டோட வேணாம், சீரியல்ல சேர்த்திருக்கிற இரும்புச்சத்தை அது உடம்புல சேரவிடாது.

இன்னொண்ணு. ஊர்ச் சாப்பாடு எல்லாமே நல்லதுன்னு நினைச்சு, இட்லிக்குச் சக்கரை தொட்டுக் கொடுக்கிறதும், ஆப்பத்துக்குச் சக்கரை போட்ட தேங்காய்ப்பால் ஊத்துறதும், பன்-பட்டர்-ஜாமும் அதே கணக்குதான். ஊர்ல கிராம் பார்க்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்கூல்ல காலைச் சாப்பாடு கொடுக்கிற கிளப் இருக்கான்னு கேளுங்க. இங்கிலாந்துல 2025 ஏப்ரல்லேருந்து 750 ஆரம்பப் பள்ளியில இலவசமா தொடங்கியிருக்காங்க, நம்ம ஊர்க் காலை உணவுத் திட்டம் மாதிரி. அங்க என்ன கொடுக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வீட்டுல அதையே திரும்பக் கொடுக்காதீங்க. வேர்க்கடலைச் சட்னி வீட்டோட இருக்கட்டும். அலர்ஜி பயத்துல பல ஸ்கூல்ல கடலைக்குத் தடை, சாப்பிட்டதும் கை கழுவிட்டு அனுப்புங்க.

மாவுக்கு வருவோம். இட்லி அரிசி நாலு பங்கு, முழு உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு டீஸ்பூன். ஊர்ல மாவு சூடாகக் கூடாதுன்னு குளிர்ந்த தண்ணி விட்டு அரைப்போம். இங்க குழாய்த் தண்ணியே ஐஸ், அதனால வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைங்க. பாத்திரத்துல பாதிதான் ஊத்தணும். ஓவனை மூட்டாம விளக்கை மட்டும் போட்டு உள்ள வைங்க, 28லிருந்து 32 டிகிரி கிடைச்சா போதும், 12லிருந்து 16 மணி நேரத்துல எழும்பும். விளக்கு எல்.இ.டி.யா இருந்தா சூடே வராது. அப்ப கீழ்த்தட்டுல ஒரு சட்டி கொதிச்ச தண்ணி வச்சு, ஆறினதும் மாத்துங்க. அலமாரிக்குள்ள வெந்நீர்த் தொட்டி இருக்கிற பழைய வீடுன்னா அந்த அலமாரியே போதும்.

ஞாயித்துக்கிழமை குட்டி இட்லியா வேகவச்சு, ஆறவிட்டு, ஃப்ரீசர்ல தட்டுல பரப்பி உறையவச்சு, அப்புறம் பையில போடுங்க. அப்படியே போட்டா ஒரே கட்டியாகிடும். காலையில எட்டு இட்லிக்குத் தண்ணி தெளிச்சு, மூடி, மைக்ரோவேவ்ல ஒண்ணரை நிமிஷம். நடுவுல சூடு ஏறியிருக்கான்னு ஒண்ணைப் பிட்டுப் பாருங்க. ஆனா மாவு உள்ள இருக்கிற அன்னிக்கு ஓவன் கதவுல ஒரு சீட்டு ஒட்டிடுங்க. வீட்டுக்காரரு பீட்சா சூடு பண்ண 200 டிகிரி வச்சா, மறுநாள் மறுபடி சீரியல்தான்.