இடம் குறைந்த வாடகை வீட்டில் மாதிரி ரயில் வைத்துக்கொள்ள வழி உண்டா?

ஒரே படுக்கையறை கொண்ட வாடகை வீடு, சுவரில் ஆணியடிக்க அனுமதி இல்லை, ஆனாலும் மாதிரி ரயில் ஆசை விடவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஏறக்குறைய இதே நிலையில் ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓடும் ரயிலை வீட்டுக்குள் கொண்டுவர முயலாதீர்கள், வேலை செய்யும் ஒரு சிறிய யார்டை, அதாவது சரக்கு வேகன்களைப் பிரித்து வரிசைப்படுத்தும் இடத்தை, கொண்டுவாருங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். எல்எச்பி என்ற புதுவகைப் பெட்டிகள் 24 கொண்ட ஒரு விரைவு ரயில் என்ஜினோடு சேர்ந்து ஏறக்குறைய 600 மீட்டர் நீளம் இருக்கும். 1:87 விகிதமான ‘எச்ஓ’ அளவில் அதைச் செய்தால் கிட்டத்தட்ட 7 மீட்டர். 1:160 விகிதமான ‘என்’ அளவில்கூட மூன்றே முக்கால் மீட்டர். என் வரவேற்பறையின் நீளமான சுவரே அவ்வளவு இல்லை. பெட்டிகளைக் குறைத்து, நான்கைந்தை மட்டும் வட்டப் பாதையில் ஓடவிடலாம்தான். ‘என்’ அளவில் 19 செ.மீ. ஆரமுள்ள வளைவுகள் கிடைப்பதால், ஒரு பெரிய தாம்பாளம் வைக்கும் இடத்தில் முழு வட்டமும் அடங்கிவிடும். முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். நீண்ட பெட்டிகள் அந்த வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கம் ஒதுங்கி, முனைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது கண்ணை உறுத்தியது. பத்தாவது சுற்றுக்குப் பிறகு பார்ப்பதற்குப் புதிதாக எதுவும் மிஞ்சவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

ஜப்பானியர்கள் இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். 1965இல் கேட்டோ நிறுவனம் தன் முதல் ‘என்’ அளவு நீராவி என்ஜினை வெளியிட்ட பிறகு அங்கே இந்த அளவு வேரூன்றியது. நீண்ட ரயிலை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள், பெரிய மாதிரிப் பாதை அமைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகளுக்குத் தங்கள் ரயிலைப் பெட்டியில் எடுத்துச் செல்கிறார்கள். எனக்கு எட்டும் தூரத்தில் அப்படியொரு கடை இல்லை. எனவே நான் பிரிட்டனில் ஆலன் ரைட் என்பவர் புகழ்பெறச் செய்த ‘இங்கிள்நுக்’ அமைப்புக்குப் போனேன்.

அது மூன்று சைடிங்குகளும் (வேகன்களை நிறுத்தும் கிளைப் பாதைகள்) ஒரு ஷண்டிங் நெக்கும் (என்ஜின் வேகன்களை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும் முட்டுப் பாதை) மட்டுமே கொண்ட யார்டு. பாதை பிரியும் பாயிண்டுகள் இரண்டு போதும். நீளமான சைடிங்கில் ஐந்து வேகன்களும், மற்ற இரண்டில் மும்மூன்று வேகன்களும் நிற்கலாம். நெக்கில் என்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே நிற்கலாம். மொத்தம் எட்டு வேகன்கள். எட்டின் எண்களையும் எழுதித் திருவுளச்சீட்டுப் போல ஐந்தை எடுத்து, எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் எட்டில் ஐந்தை வரிசைப்படுத்த 6,720 வழிகள் உண்டு. நெக் குட்டையாக இருப்பதால் ஒவ்வொரு வேகனையும் எங்கே ஒதுக்கி வைப்பது என்று முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். எனக்கு ஒரு வரிசை முடிய இருபது நிமிடமாவது ஆகிறது. ஒரு வேகன் இடம் கூடுதலாக இருக்கட்டுமே என்று நெக்கை நீட்டிவிடாதீர்கள். ஆட்டத்தின் சுவையே அந்த இடக்குறைவில்தான் இருக்கிறது.

யார்டுக்கு ஓர் ஊர் வேண்டுமல்லவா? நான் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) கால அகஸ்தியம்பள்ளியை எடுத்துக்கொண்டேன். வேதாரண்யத்து உப்பு அங்கிருந்து ரயிலேறிய காலத்தை மனத்தில் வைத்துச் செய்த கற்பனை யார்டுதான், அசலின் நகல் அன்று. மீட்டர் கேஜைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் அகலப் பாதை 1,676 மி.மீ.; ‘எச்ஓ’ அளவில் அதற்கு 19 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான பாதை வேண்டும், கடையில் கிடைப்பதோ 16.5 மி.மீ. மாறாக, ‘என்’ அளவின் 9 மி.மீ. பாதையின்மேல் 1:120 விகிதத்தில் வண்டிகளைச் செய்தால் 1,080 மி.மீ. வருகிறது, மீட்டர் கேஜுக்கு அது ஓரளவு நெருக்கம். ஆகவே ‘என்’ அளவின் சக்கரத் தொகுதிகளை வாங்கி, மேற்கூட்டைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் நானே வெட்டி ஒட்டினேன். அந்த அட்டை விறைப்பாகவும் சீராகவும் இருப்பதால், ஊசிமுனையால் கீறினாலே பலகைக் கோடுகள் விழுந்துவிடும். வேகன் ஒன்று, அடுத்ததோடு இணைக்கும் கப்ளிங்கோடு சேர்த்து, 6 செ.மீ. நீளம் வந்தது. முழு யார்டும் 120 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் கொண்ட பலகையில் தாராளமாக அடங்கியது. பலகையை இரண்டு 60 செ.மீ. துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு இணைத்திருப்பதால், வேலை முடிந்ததும் பிரித்துப் பீரோவின் மேல் ஏற்றிவிடுகிறேன். ஓட்டும்போது சாப்பாட்டு மேசையே போதும்.

நான் செய்த ஒரு தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். உப்புக் குவியலுக்கு உண்மையான கல்லுப்பையே இடித்துப் போட்டேன். பார்ப்பதற்கு அச்சு அசலாக இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் குவியல் நீர்விட்டு, கசிவு ஜல்லிக்குள் இறங்கி, இரண்டே வாரத்தில் தண்டவாளத்தின் ஓரங்களில் பச்சை பூத்துவிட்டது. நிக்கல் சில்வர் என்று பெயர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை, செம்பே அதிகம். அந்தச் சைடிங்கை முழுவதும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. இப்போது இருப்பது ஃபெவிகாலில் குழைத்த கோலப்பொடிக் குவியல். கல்லை அரைத்த பொடி என்பதால் ஈரத்துக்கு அசைவதில்லை. சாயங்கால வெயில் சன்னல் வழியாக விழும்போது ஓரங்கள் லேசாக மின்னவும் செய்கின்றன.

வாங்கும்போது எதில் பணத்தைச் செலவிட வேண்டும் என்றால், என்ஜினிலும் பாயிண்டிலும்தான். ஷண்டிங்கில் என்ஜின் ஊர்ந்துபோக வேண்டும். நான்கு சக்கர என்ஜின், பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் பிளாஸ்டிக் துண்டின்மேல் ஏறும்போது மின்சாரம் அறுந்து நின்றுவிடும், விரலால் தள்ளிவிட்டால்தான் நகரும். எட்டுச் சக்கரங்களாலும் மின்சாரம் எடுக்கும் என்ஜினையும், அந்தக் குறுக்கிடம் உலோகமாகவே இருந்து மின்சாரம் பெறும் பாயிண்டையும் வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மற்றதற்கெல்லாம் வீட்டிலுள்ள பொருள்களே போதும். கப்ளிங்கைக் கழற்றுவதற்கென்று விற்கும் கருவியை நான் வாங்கவில்லை. முனை சீவிய ஈர்க்குச்சியை இரண்டு கொக்கிகளுக்கும் நடுவே நுழைத்து மெல்ல நெம்பினால் ஒன்று மேலெழுந்து விடுபடும். கடற்காற்று வீசும் ஊரில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைப்பது நல்லது.

பலகை செய்யும் வசதிகூட இப்போதைக்கு இல்லையென்றால் ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதோடு, பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு அளவு நாடாவோடு போய்வாருங்கள். பழைய பெட்டிகளின் பக்கத்திலேயே நின்று கதவின் உயரத்தையும் படியின் இடைவெளியையும் குறித்துக்கொண்டு வந்தால், அட்டை வெட்டும்போது கை தயங்காது.

என் வீட்டில் இரவு ஒன்பதரை மணிக்கு மேசை காலியாகும். பலகைகளை இறக்கிப் பூட்டி, 12 வோல்ட் கட்டுப்பாட்டுப் பெட்டியை நான் இணைத்ததும், ஒரு டம்ளருக்குள் கிடக்கும் சீட்டுகளில் ஐந்தை என் மகள் எடுத்துக் கொடுப்பாள். நேற்று வந்த வரிசை 4, 7, 1, 8, 2. ஏழாம் எண் வேகன் குட்டைச் சைடிங்கின் கோடியில் இரண்டு வேகன்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுத்து முடிக்கும்போது மணி பத்தேகால்.