பேவிங் வேலைக்கு அதிக அளவில் கலவை போட எந்த மிக்ஸர் வாங்கலாம்? 350 லிட்டர் டிரம் மிக்ஸர் போதுமா?

லிட்டர் கணக்கு அப்புறம். அந்த மிக்ஸர் எப்படிக் கலக்குகிறது என்பதை முதலில் பாருங்கள்.

இதுவரை மண்வெட்டியில் கலந்துகொண்டிருந்தீர்கள், இப்போது பெரிய முற்றமோ நடைபாதையோ கைக்கு வந்திருக்கிறது, தளக்கல்லுக்கு அடியில் விரிக்கும் சிமெண்ட்-மணல் கலவைதான் தேவை என்று எடுத்துக்கொள்கிறேன். வெறும் மணல் மேல் இன்டர்லாக் கல் பதிப்பதாக இருந்தால் உங்களுக்கு மிக்ஸரே வேண்டாம்.

சுழலும் டிரம் கான்கிரீட்டுக்கு ஏற்றது. பொருளை மேலே தூக்கிக் கீழே போடும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. கான்கிரீட்டில் ஜல்லி இருப்பதால் விழுகிற ஜல்லியே கட்டிகளை இடித்து உடைத்துவிடும். நம் கலவையில் ஜல்லி கிடையாது. அரை ஈரப் பதத்தில் போட்டால் டிரம்முக்குள் எலுமிச்சை அளவு உருண்டைகளாகத் திரளும். ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள்: வெளியே சாம்பல் நிறம், உள்ளே சிமெண்ட் ஒட்டாத மணல். இன்னொரு பங்கு டிரம்மின் அடியில் அப்பிக்கொண்டு சுற்றோடு சுற்றும், கலக்கவே கலக்காது. இதைச் சமாளிக்கத் தண்ணீரைக் கூட்டுவார்கள். உருண்டை கரையும், ஆனால் கல்லை வைத்துத் தட்டினால் மட்டத்தில் நிற்காமல் இறங்கும், கலவை காய்ந்த பிறகு சுருங்கும்.

‘நாங்கள் காலங்காலமாக டிரம்மில்தான் போடுகிறோம்’ என்று பின்னூட்டம் வரும், தெரியும். தளர்ந்த கலவை என்றால் டிரம் போதும், மறுக்கவில்லை. அரை ஈரக் கலவைக்கு, அதுவும் நாள் முழுக்கப் போடுவதற்கு, அது சரிப்படாது.

மீதி இருப்பவை இரண்டு. ஒன்று, படுக்கைவாட்டுத் தண்டில் துடுப்புகள் சுழல, தொட்டி அசையாமல் நிற்கும் துடுப்பு மிக்ஸர். குழைவான கலவைக்கு இதுதான் முதல் தேர்வு. அரை ஈரத்துக்கும் ஆகும், ஆனால் சுமையை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், இல்லையென்றால் பெல்ட் வழுக்கும். இரண்டாவது பேன் மிக்ஸர். வட்டத் தொட்டி, நடுவில் செங்குத்துத் தண்டு, அடியில் திறக்கும் கதவு. அரை ஈரக் கலவையை அழுத்தித் தேய்த்துப் பிசைவதில் இதற்கு நிகர் இல்லை. கனம் அதிகம், பெரிய அளவுகளுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் கேட்கும். ஒரே இடத்தில் பல நாள் வேலை என்றால் பேன். தினம் இடம் மாறுகிறதென்றால் சக்கரம் வைத்த துடுப்பு மிக்ஸர். கையில் பிடிக்கும் துடுப்பு டிரில், கல்லின் அடியில் பூசும் சிமெண்ட் பாலுக்கு மட்டும்.

இனி அளவு. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர். 1:4 என்றால் மணல் 140 லிட்டர். கலந்து அமுக்கிய பிறகு 130 லிட்டர் சுமார் நிற்கும், 40 மி.மீ. கனத்தில் மூன்று சதுர மீட்டர் சொச்சம் பரவும். எடை தண்ணீரோடு 280 கிலோ பக்கம். ‘350 லிட்டர்’ என்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் தொட்டியின் மொத்தக் கொள்ளளவு. டிரம்மில் அரை ஈரக் கலவைக்கு அதில் பாதியைத்தான் நம்பலாம். கலந்த அளவு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்றால், இல்லை. கலந்த கலவை இரண்டு மணி நேரத்துக்குள் கல்லுக்கு அடியில் போயாக வேண்டும், கடும் வெயிலில் ஒரு மணி நேரம்தான். கல் பதிக்கும் ஜோடி மணிக்கு மூன்று சதுர மீட்டர் முடிக்கிறதென்றால் ஒரு மூட்டை மிக்ஸர் சரியாக ஓடும். இரண்டு மூட்டை போட்டால் கடைசி வண்டி இறுக ஆரம்பிக்கும், யாரோ அதில் தண்ணீர் ஊற்றிக் குழைப்பார்கள், அந்தக் கல்தான் பிறகு ஆடும்.

போடும் வரிசையும் முக்கியம். பேனில் மணலும் சிமெண்டும் முதலில், நிறம் ஒன்றாகும் வரை ஒரு நிமிடம். பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இரண்டு மூன்று நிமிடம். துடுப்பு மிக்ஸரில் குழைவான கலவைக்கு முக்கால் பங்கு தண்ணீர், பாதி மணல், முழு சிமெண்ட், மீதி மணல், மீதித் தண்ணீர். எல்லாம் விழுந்த பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம். இரண்டிலும் துடுப்பு சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கொட்ட வேண்டும். நின்ற துடுப்பின் மேல் சுமையை ஏற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் ‘ம்ம்’ என்று முனகும், அடுத்தது கெபாசிட்டர் போகும். ஒயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தாலும் இதே கதி. அரை ஈரக் கலவையைக் கையில் இறுகப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது.

மணலை மண்வெட்டிக் கணக்கில் போடாதீர்கள். உள்ளளவு 35×25×40 செ.மீ. பெட்டி சரியாக 35 லிட்டர். நான்கு பெட்டிக்கு ஒரு மூட்டை. லேசாக ஈரமான மணல் கால் பங்கு வரை உப்பும், அதற்கேற்பக் கூட்டிப் போடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இணையம் முழுக்க இது பரவிக் கிடப்பதால். கலவை வழுவழுவென்று வர பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மூடி ஊற்றுங்கள் என்கிறார்கள். அது காற்றுக் குமிழியைத்தான் கூட்டுகிறது. எவ்வளவு ஏறும் என்பதற்குக் கணக்கே இல்லை, வலிமை இறங்கும். கலவை கரண்டிக்கு இணங்கவில்லை என்றால் மணலின் தரத்தைப் பாருங்கள், அல்லது அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிசைசரை அளந்து ஊற்றுங்கள்.

பழைய துடுப்பு மிக்ஸர் வாங்குவதானால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். தண்டு தொட்டியை விட்டு வெளியே வரும் இரு முனைகளையும் பாருங்கள். அங்கே சாம்பல் நிறக் கசிவு உறைந்திருந்தால் சீல் போய்விட்டது, சிமெண்ட் பேரிங்குக்குள் இறங்கியிருக்கும். தினமும் வேலை முடிந்ததும் சுத்தமான கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிப்பது இதற்காகத்தான். தொட்டியின் வெளிப்புறத்தில் சுத்தியல் தழும்புகள் இருந்தாலும் விட்டுவிடுங்கள். காய்ந்த கலவையை உதிர்க்க அடித்திருப்பார்கள். அந்த நசுங்கல் உள்ளே புடைத்து, சுற்றுக்கு ஒரு முறை துடுப்பு அதில் உரசும்.